மரச் சிற்பத்துக்குப் பிரிஸ்டில் டிஸ்க்: ரோட்டரி டூலில் தேய்த்து முடிக்கும் முழுமையான வழிகாட்டி

மரத்தைச் செதுக்குவதில் இருக்கும் சுகம் அதைத் தேய்த்து முடிப்பதில் பலருக்கு இருப்பதில்லை. தட்டையான பலகை என்றால் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி நாலு இழுப்பு இழுத்துவிடலாம். சிற்பத்தில் இறகின் இடுக்கு, தாடியின் சுருள், காதின் உட்குழி, துணி மடிப்பின் அடி என்று தாள் நுழையாத இடங்கள்தான் அதிகம். மடித்து, சுருட்டி, குச்சியில் ஒட்டி எப்படி உள்ளே விட்டாலும் மேட்டின் விளிம்பு மழுங்கும், குழியில் பிசிறு அப்படியே நிற்கும். கையில் பிடித்து ஓட்டும் சின்னச் சுழல் கருவியான ரோட்டரி டூலில் மாட்டும், சுற்றிலும் இழைகள் கொண்ட பிரிஸ்டில் டிஸ்க் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது.

ஆனால் வாங்கி மாட்டியதும் பலர் செய்வது ஒன்றே: வேகத்தை முழுதாக வைத்து, மரத்தில் அழுத்துவது. பிளாஸ்டிக் உருகி மரத்தில் ஒட்டும், செதுக்கிய கோடுகள் மங்கும், "இது மரத்துக்குச் சரிப்படாது" என்று டிஸ்க் டப்பாவுக்குள் போய்விடும். அது மரத்துக்கும் சரிப்படும். இழைகளின் நுனியை மட்டும் வேலை செய்ய விட வேண்டும், அவ்வளவுதான். கீழே சொல்வதில் பாதி அதைச் சுற்றியே வரும்.

டிஸ்க் எப்படி வேலை செய்கிறது

மெல்லிய பிளாஸ்டிக் வட்டு, நடுவில் துளை, சுற்றிலும் வளைந்த இழைகள். தேய்க்கும் துகள் இழையின் மேல் பூசப்பட்டதில்லை, பிளாஸ்டிக்கோடு கலந்தே வார்க்கப்பட்டது. அதனால் நுனி தேயத் தேயப் புதுத் துகள் வெளியே வரும். பாதியாகக் குட்டையாகிப்போன டிஸ்க்கும் வெட்டும். உப்புத்தாளைப் போல ஒரு கட்டத்தில் திடீரென்று மொட்டையாகிவிடாது.

இழைகள் வளைந்துகொடுப்பதால் மேடு பள்ளத்தைப் பின்தொடர்ந்து போகும். இதுவே அதன் பலம், இதுவே அதன் எல்லையும்கூட. பள்ளத்தைப் பின்தொடரும் கருவியால் பள்ளத்தை நிரப்ப முடியாது. கத்தி தவறி விழுந்த வெட்டு, பர் (டூலில் மாட்டிச் செதுக்கும் சுழல் முனை) ஓட்டிய ஆழமான வரி, உளி தூக்கிய சிராய் இவற்றை டிஸ்க் பளபளப்பாக்கித் தரும், அழிக்காது. உருவத்தைத் திருத்துகிற வேலை உளியோடும் கத்தியோடும் முடிந்திருக்க வேண்டும். டிஸ்க்குக்கு மிச்சம் இருக்க வேண்டியது பிசிறும் மெல்லிய கீறலும்தான்.

எந்த நிறம், எந்த அளவு

த்ரீ எம் நிறுவனத்தின் டிஸ்க்குகளில் நிறம்தான் கிரிட்டின் (துகள் பருமனின்; எண் கூடினால் துகள் நுண்மை) அடையாளம்: பழுப்பு 36 கிரிட், பச்சை 50, மஞ்சள் 80, வெள்ளை 120, சிவப்பு 220, நீலம் 400. அதற்கு மேலே இளஞ்சிவப்பு நிறப் பியூமிஸ் (நுரைக்கல் தூள்), பிறகு 6 மைக்ரான், 1 மைக்ரான் என்று மெருகு டிஸ்க்குகள். மற்ற தயாரிப்பாளர்களும் பெரும்பாலும் இந்த நிற வரிசையையே பின்பற்றுகிறார்கள் என்றாலும், எல்லோரும் அப்படி இல்லை. நிறத்தை நம்பாமல் உறையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.

மரத்துக்கு உண்மையில் தேவைப்படுவது 120, 220, 400 மூன்றுதான். பர் ஓட்டிய மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் முன்னால் ஒரு 80 சேர்த்துக்கொள்ளலாம். 36, 50 இரண்டும் மரத்தில் உழுதுவிடும். விலங்கின் ரோமம், மரப்பட்டை மாதிரி வேண்டுமென்றே வரி விழ வைக்கும் இடத்துக்கு ஆகும். மெருகு டிஸ்க்குகள் உலோகத்துக்கு என்று வந்தவை. பெரும்பாலான மரத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை.

விட்டம் பொதுவாக 14, 19, 25 மி.மீ.; பிறகு 50, 75 மி.மீ. பெரிய டிஸ்க்குகளும் உண்டு. கையளவு சிற்பத்துக்கு 25 மி.மீ. ஒரு செட், இடுக்குக்கு 14 மி.மீ. ஒரு செட் போதும். 75 மி.மீ. டிஸ்க்கைச் சின்ன ரோட்டரி டூலில் மாட்டாதீர்கள். மோட்டார் திணறும், டிஸ்க்குக்கான வேக வரம்பும் குறைவு.

வேகத்தைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது

டூலில் இருக்கும் எண் சுற்று வேகம். மரத்தைத் தொடுவது நுனியின் ஓட்ட வேகம். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 25 மி.மீ. டிஸ்க்கின் நுனி விநாடிக்குச் சுமார் 13 மீட்டர் ஓடும். அதே சுற்றில் 14 மி.மீ. டிஸ்க்கின் நுனி 7 மீட்டர் சொச்சம்தான். அதாவது சின்ன டிஸ்க்கிலிருந்து அதே வெட்டு வேண்டுமானால் சுற்றைக் கூட்ட வேண்டும். தேய்ந்து குட்டையான டிஸ்க் "வெட்டவில்லை" என்று தோன்றுவதற்கும் பாதிக் காரணம் இதுதான். அங்கே அழுத்தத்தைக் கூட்டாமல், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

ஆரம்பத்துக்கு 25 மி.மீ. டிஸ்க்கை 5,000 முதல் 8,000 வரை ஓட்டுங்கள். கை பழகியதும் 10,000, 12,000 வரை போகலாம். 14 மி.மீ. டிஸ்க்குக்கு 10,000 முதல் 15,000. இதற்கு மேல் மரத்தில் கிடைப்பது சூடு மட்டும்தான். உறையில் ஒரு அதிகபட்ச வேகம் போட்டிருக்கும். அது தயாரிப்புக்குத் தயாரிப்பு வெகுவாக மாறும், அதைத் தாண்டவே கூடாது. பல ரோட்டரி டூல்கள் 30,000-க்கும் மேலே போகும் என்பதால், சுவிட்சைப் போடும் முன் வேகக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மாண்ட்ரலில் அடுக்குவது

ஒற்றை டிஸ்க்குக்கு வலு இல்லை, தள்ளாடும். மூன்று முதல் ஆறு வரை அடுக்கி, திருகு மாண்ட்ரலில் (டிஸ்க்கைத் தாங்கும் தண்டில்) இறுக்க வேண்டும். அகலமான வளைவுக்கு ஆறு, நடுத்தர வேலைக்கு நாலு. குறுகிய பள்ளத்துக்கு மட்டும் இரண்டு, சில சமயம் ஒன்று; அப்போது அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடுக்கில் இரண்டு கிரிட்டைக் கலக்காதீர்கள். கலந்தால் முரட்டு கிரிட் போட்ட கீறல்தான் கடைசிவரை தெரியும்.

அடுக்கும்போது எல்லா இழைகளும் ஒரே பக்கம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சுற்றும்போது நுனி பின்னால் இழுபட வேண்டும், முன்னால் குத்தக் கூடாது. சாதாரண ரோட்டரி டூலின் மூக்கை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தால், அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அந்தப் பார்வையில் இழைகளின் நுனி கடிகார முள் போகும் திசைக்கு வளைந்திருந்தால் சரி. (மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு இதைப் பாருங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.) தலைகீழாக மாட்டினால் டிஸ்க் மரத்தைக் கொத்தும், இழைகள் சீக்கிரம் ஒடியும். முன்னும் பின்னும் சுற்றும் வசதியுள்ள ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (மோட்டாரிலிருந்து வளையும் தண்டு வழியே சுற்றும் கைப்பிடி) வைத்திருப்பவர்கள் திசைச் சுவிட்சையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் ஓடினால் மாண்ட்ரலின் திருகும் கழன்றுகொள்ளும்.

மாண்ட்ரலின் தண்டு எவ்வளவு ஆழம் காலெட்டுக்குள் (டூலின் மூக்கில் தண்டைக் கவ்வும் பிடிக்குள்) போகுமோ அவ்வளவு உள்ளே விட்டு இறுக்குங்கள். நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு வேகத்தில் வளைந்து, மொத்த டூலையும் அதிரவைக்கும். தண்டின் பருமன் 2.35 மி.மீ. அல்லது 3.2 மி.மீ. ஆக இருக்கும்; இரண்டுக்கும் காலெட் வேறு வேறு. ஒல்லித் தண்டைப் பெரிய காலெட்டில் இறுக்கிச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

மாட்டியதும் நேராக மரத்துக்குப் போகாதீர்கள். வேலை செய்யப்போகும் வேகத்தில் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். வட்டின் விளிம்புக்கு நேராக நீங்களோ பக்கத்தில் இருப்பவரோ நிற்கக் கூடாது. ஒழுங்காக ஒட்டாத இழை இருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் பறந்துவிடும்.

கண்ணும் மூச்சும்

பறக்கும் இழை ஊசிபோல வரும். சாதாரண மூக்குக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் இடைவெளி இருக்கிறது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

தூசி இன்னும் பெரிய விஷயம். டிஸ்க் கிளப்பும் தூள் மாவைவிட நுண்மையானது, காற்றிலேயே நிற்கும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ரோஸ்வுட் வகைகளும் மேற்கத்திய செஞ்சிடாரும் சிலருக்குத் தோல் அரிப்பு, ஆஸ்துமா வரை கொண்டுபோகும். துணி மாஸ்க் போதாது. என்95 அல்லது அதற்கு இணையானது, முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வேக்குவம் கிளீனரின் குழாய் வாயை நிறுத்திவைத்தால் பாதித் தூள் மேலே கிளம்பாது. மின்விசிறியை முகத்துக்கு நேராக வைப்பது எல்லாவற்றையும் மூக்குக்கே கொண்டுவரும்.

தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த முடி, தொளதொள கையுறை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

டிஸ்க்குக்கு முன்னால் மரத்தைத் தயார் செய்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு டிஸ்க்கைத் திட்டுவார்கள். சிற்பத்தை ஒரு பக்கம் விளக்கு வைத்து, வெளிச்சம் மரத்தின்மேல் படுத்து ஓடும்படி பாருங்கள். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த இடத்தில் இப்போது நூறு குறை தெரியும். இரண்டு வெட்டு சந்திக்கும் மூலையில் தொங்கும் சிராய், கத்தி நின்ற தழும்பு, பர் சுற்றிய வளையம் எல்லாவற்றையும் நன்றாகத் தீட்டிய கத்தியால் எடுத்துவிடுங்கள். மூலையில் நிற்கும் சிராயை டிஸ்க் வெட்டாது. அது நாராகக் கிழிந்து பஞ்சாகிவிடும்.

அகலமான, மென்மையான வளைவுகளைக் கையாலேயே 150 அல்லது 180 கிரிட் தாளில் தேய்த்துவிடுவது நல்லது. தோள், கன்னம், வயிறு போன்ற இடங்களில் டிஸ்க் மட்டும் ஓட்டினால் மேற்பரப்பு கொஞ்சம் அலையாகத்தான் வரும். தாள் போகும் இடத்துக்குத் தாள், போகாத இடத்துக்கு டிஸ்க். என் கணக்கில் ஒரு நல்ல சிற்பத்தில் டிஸ்க்கின் பங்கு பாதிக்கு மேல் போகக் கூடாது.

பிறகு, அதே மரத்தின் கழிவுத் துண்டில் இரண்டு மூன்று பள்ளம் செதுக்கி ஓட்டிப் பாருங்கள். எந்த வேகத்தில் மரம் மினுங்க ஆரம்பிக்கிறது, எந்த வேகத்தில் டிஸ்க்கின் நிறம் மரத்தில் ஏறுகிறது என்பது ஒவ்வொரு மரத்துக்கும் வேறு. பிசின் அதிகமுள்ள மரத்தில் இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

கையில் எடுத்து ஓட்டுவது

பென்சில் பிடிக்கிற மாதிரி பிடியுங்கள். சுண்டுவிரலை மரத்தில் ஊன்றுங்கள். அதுதான் டிஸ்க்குக்கும் மரத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நிர்ணயிக்கும். சிற்பம் நகராமல் இருக்க வைஸ் அல்லது வழுக்காத ரப்பர் விரிப்பு.

டிஸ்க்கை மரத்துக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். நுனி தொட்டதும் ஓசை மாறும்: காற்றில் இருந்த மெல்லிய விசில் குறைந்து ஒரு சரசரப்பு வரும். அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் அமுக்கினால் ஓசை தாழ்ந்து உறுமலாகும். இழைகள் மடங்கி, நுனிக்குப் பதிலாக அவற்றின் பக்கம் மரத்தில் உரசுகிறது என்று அர்த்தம். பக்கத்துக்கு வெட்டத் தெரியாது, சூடாக்கத்தான் தெரியும். சரசரப்பு இருக்கும்வரை எல்லாம் சரி. காது பழகிவிட்டால் கண்ணை டிஸ்க்கிலிருந்து எடுத்து மரத்தைப் பார்த்தே வேலை செய்யலாம்.

ஒரே இடத்தில் ஒரு விநாடிக்கு மேல் நிற்காதீர்கள். சிறிய, ஒன்றன்மேல் ஒன்று படியும் இழுப்புகளாக நார் ஓடும் திசையிலேயே போங்கள். டிஸ்க்கின் தட்டும் நார் ஓட்டத்துக்கு இணையாக நிற்கட்டும். குறுக்கே ஓட்டிய கீறல் எண்ணெய் பூசியதும் பளிச்சென்று எழுந்து நிற்கும். பள்ளத்துக்குள் போகும்போது மட்டும் விதிவிலக்கு: நார் எப்படிப் போனாலும், டிஸ்க் பள்ளத்தின் நீளத்தோடுதான் போக வேண்டும்.

விளிம்புகளில் ஒரே சட்டம்: இழை மரத்தின் மேலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும், வெளியிலிருந்து விளிம்பில் வந்து மோதக் கூடாது. மோதினால் மெல்லிய விளிம்பு பெயரும், இல்லாவிட்டால் உருண்டையாகும். அதற்காக டூலின் கோணத்தை மாற்றுவதைவிடச் சிற்பத்தைத் திருப்பிவைப்பதே எளிது. கட்டாயம் கூர்மையாக நிற்க வேண்டிய கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் வேலை செய்யலாம். டேப்பையும் டிஸ்க் அரிக்கும், ஆனால் ஒன்றிரண்டு தடவைக்குத் தாங்கும்.

ஒரு முகத்தின் கண்ணை எடுத்துக்கொள்வோம். மேல் இமைக்கும் விழி உருண்டைக்கும் இடையே உள்ள இடுக்கில்தான் பிசிறு தங்கும். பார்வைக்கு உயிர் கொடுப்பதும் அந்த நிழல் கோடுதான். 14 மி.மீ. டிஸ்க் இரண்டு, 220 கிரிட், 10,000 சுற்று. மூக்குப் பக்க மூலையில் ஆரம்பித்து, டிஸ்க்கின் தட்டு இமைக்கோட்டோடு இணையாக நிற்க, வெளி மூலைவரை ஒரே இழுப்பு. மூலையில் நிறுத்தாமல் கன்னத்தின் மேல் காற்றில் தூக்கிவிடுங்கள். இரண்டு இழுப்பு, தூசியை ஊதுங்கள், பாருங்கள். மூன்றாவது இழுப்பு பெரும்பாலும் தேவைப்படாது. விழி உருண்டையின் நடுவைத் தொடவே வேண்டாம். அதை உப்புத்தாளால், விரல் நுனியில் வைத்து உருட்டிவிட்டால் போதும். டிஸ்க்கால் தொட்டால் உருண்டை தட்டையாகிக் கண் தூங்கி வழியும்.

கிரிட் மாற்றும் நேரம்

120-இல் முழுச் சிற்பத்தையும் முடித்துவிட்டுத்தான் 220. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் மென்மையான பிரஷ்ஷால் தூளை முழுக்கத் தட்டுங்கள். முந்தைய கிரிட்டின் துகள் ஒன்று பள்ளத்தில் கிடந்தால் அடுத்த டிஸ்க் அதையே வைத்துக் கீறும். கனிம டர்பென்டைனில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்தால் மறைந்திருந்த கீறல் ஈரத்தில் தெரியும், நாரும் எழும்பாது. அது நன்றாக ஆவியான பிறகுதான் மறுபடி டூலை எடுக்க வேண்டும், பக்கத்தில் நெருப்போ தீப்பொறியோ இருக்கக் கூடாது.

220 முடிந்ததும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலோட்டமாகத் துடைத்து, முழுசாக உலரவிடுங்கள். அமுங்கிக் கிடந்த நார் எல்லாம் எழுந்து சொரசொரப்பாகும். பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் நனைத்தோம். 400 டிஸ்க்கை இலேசாக ஒரு சுற்று ஓட்டினால் அந்த நார் போய்விடும். நீர் கலந்த சாயமோ பெயின்ட்டோ பூசப்போகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. இல்லாவிட்டால் முதல் பூச்சிலேயே மரம் முள்ளாக எழுந்து நிற்கும்.

எங்கே நிறுத்துவது? சாயம், பெயின்ட் என்றால் 220 போதும்; அவை நீர் கலந்தவை என்றால் மட்டும் மேலே சொன்ன ஈரத் துணியும் 400-இன் இலேசான ஒரு சுற்றும் சேரும். எண்ணெய், மெழுகு என்றால் 400. அதற்கு மேல் போனால் மேற்பரப்பு அமுங்கி மினுங்கும்; பார்க்க அழகாக இருந்தாலும் பூச்சை அது உள்ளே இழுக்காது, சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கருங்காலி போன்ற கெட்டி மரத்துக்கு, வெறும் மெழுகு மட்டும் போடுவதானால், பியூமிஸ் டிஸ்க் அழகு சேர்க்கும்.

தொல்லைகளும் தீர்வும்

பைன் போன்ற மரங்களில் வளர்ச்சி வளையத்தின் மெத்தென்ற பாகமும் கெட்டியான பாகமும் மாறி மாறி வரும். இழைகள் மெத்தென்றதைச் சீக்கிரம் அரித்துவிடும். கெட்டிப் பாகம் வரப்புபோல நிற்கும். இந்த மரத்தில் டிஸ்க்கை இடுக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைக் கட்டையில் சுற்றிய தாளால் முடிப்பதே வழி. பாஸ்வுட் சீரான மரம், ஆனால் பஞ்சு எழும். அதற்கு மேலே சொன்ன ஈரத் துணி வைத்தியம்; அதுவும் போதாவிட்டால் நீர்த்த ஷெல்லாக்கை (அரக்குப் பூச்சை) ஒரு கை பூசி உலரவிட்டால் பஞ்சு விறைத்து நிற்கும், 220 டிஸ்க் அதைச் சுத்தமாக அறுத்துவிடும். தேக்கில் இருக்கும் சிலிக்கா டிஸ்க்கைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும், மற்றபடி தொல்லை இல்லை.

மரத்தில் நீலமாகவோ சிவப்பாகவோ கறை ஏறியிருந்தால் அது உருகிய பிளாஸ்டிக். தாளால் தேய்த்தால் இன்னும் பரவும். ஆறவிட்டு, கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

சாம்பலும் கறுப்புமாக நிழல் படிந்தால் அந்த டிஸ்க் ஏற்கெனவே உலோகத்தில் ஓடியிருக்கிறது. ஓக் போல டானின் (துவர்ப்புப் பொருள்) நிறைந்த மரத்தில் இரும்புத் துகள் ஈரம் பட்டதும் கருநீலமாகிவிடும், பூச்சுக்கு அடியிலும் தெரியும். உலோகத்துக்கு ஒரு செட், மரத்துக்கு ஒரு செட் என்று பிரித்தே வையுங்கள்.

டூல் திடீரென்று அதிர ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு டிஸ்க்கின் இழைகள் ஒரு பக்கம் மட்டும் ஒடிந்திருக்கும், இல்லையென்றால் மாண்ட்ரல் தண்டு வளைந்திருக்கும். வளைந்த தண்டை நிமிர்த்திப் பயன்படுத்த நினைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முடித்த பிறகு

சிற்பத்தைப் பிரஷ்ஷாலும் வேக்குவத்தாலும் சுத்தம் செய்து, பூச்சுக்குக் கொண்டுபோகலாம். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும், சுருண்ட துணியில் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் தொங்கவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

டிஸ்க்குகளை மாண்ட்ரலோடு சேர்த்தே, கிரிட் வாரியாகத் தனித்தனி டப்பாவில் வையுங்கள். இழைகள் எதன் மேலாவது அமுங்கிக் கிடந்தால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். தேய்ந்து குட்டையான 25 மி.மீ. டிஸ்க்குகளைத் தூக்கிப் போட வேண்டாம். இழை குட்டையானதால் விறைப்பு கூடியிருக்கும், விட்டமும் சுருங்கியிருக்கும். புது டிஸ்க் தள்ளாடும் குறுகிய பள்ளங்களில் அவைதான் இன்னும் நன்றாக வெட்டும்.